இரண்டு உலையும் ஒரு பிடி அரிசியும்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலமான தவக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு உலை கொதிக்கும். ஒன்று எனக்கு, இன்னொன்று பிள்ளைகளுக்கு. எனக்கு மதியம் ஒருவேளைச் சாப்பாடு. மீன், முட்டை எதுவும் கிடையாது. ராத்திரி கஞ்சி. பிள்ளைகளுக்கு வழக்கம்போல. கல்யாணமானதிலிருந்து இருபது வருடத்துக்கு மேலாக இப்படித்தான் நடந்தது. அந்த இரண்டாவது உலையை யார் வைக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நோன்பு இருப்பது நான் என்றுதான் நினைப்பு.

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் கடற்கரைக் குடும்பங்களில் தவக்காலம் வருவது முதலில், கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை மூலமாகத் தெரியும். போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று வாங்கி வந்து, மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்த ஓலையை வீடு வீடாகக் கேட்டு வாங்கிப் போவார். அதை எரித்த சாம்பல்தான், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் காலைப் பூசையில் நெற்றிக்கு வரும். "மனிதனே, நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்று சாமியார் சொல்லிக்கொண்டே பூசுவார். சின்ன வயதில் எனக்கு அந்த வாக்கியத்தைவிட, சாம்பல் மூக்கில் விழுந்து தும்மல் வருவதுதான் பெரிய விஷயம். அப்புறம் நாற்பது நாள் 'அல்லேலூயா' கிடையாது, பீடத்தில் பூ கிடையாது, ஊரில் கல்யாணம் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், இயேசு சிலுவை சுமந்த வழியை நிலை நிலையாக நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதை. பதினான்கு நிலைக்கும் முழங்காலில் நின்று "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" சொல்லி முடிக்கும்போது முட்டி இரண்டும் தரையின் மணலைப் பொறுக்கி எடுத்திருக்கும்.

அம்மா 'ஒருசந்தி' என்பாள். ஒருநாளைக்கு ஒருவேளை மட்டும் வயிறாரச் சாப்பிடுவது. மாமிசம் விலக்குவது 'சுத்தபோசனம்'. திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி கட்டாயம் இரண்டே நாள்தான், சாம்பல் புதனும், இயேசு இறந்த பெரிய வெள்ளியும். அதுவும் 18 வயது நிரம்பியவர்களுக்கு, 59 நிரம்பும்வரை. சுத்தபோசனம் 14 வயதிலிருந்து. ஆனால் அம்மாவின் சட்டம் ரோமாபுரிச் சட்டத்தைவிடக் கடுமை. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அந்த ஆறையும் கழித்துத்தான் நாற்பது. அதைச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி கேட்டால், "கணக்கெல்லாம் நல்லாத்தான் படிச்சிருக்க" என்று சொல்லிவிட்டு முருங்கைக்காய்ச் சாம்பாரை ஊற்றுவாள்.

மீன் விஷயமும் இப்படித்தான். சட்டம் மாமிசத்தைத்தான் விலக்குகிறது, மீனை விலக்கவில்லை. ஐரோப்பாவில் அது தியாகமாக இருந்திருக்கலாம். கடற்கரையில் இருந்துகொண்டு, வெள்ளிக்கிழமை கறியை விட்டுவிட்டேன் என்று சொல்லி பாறை மீன் குழம்பும் நண்டு வறுவலும் வைத்துச் சாப்பிடுகிறவனைப் பார்த்துக் கடவுளே சிரித்துவிடுவார். அதனால்தான் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மீனையும் சேர்த்து விட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபிறகு என் தவக்காலம் இன்னும் கடுமையானது. துறைமுகத்துச் சரக்கு விவகாரங்களைப் பார்க்கும் ஒரு ஆபீஸில் வேலை. காலை பதினொரு மணி டீ, நாலு மணி டீயும் வடையும் என்பது அங்கே வேலையின் ஒரு பாகம். இரண்டையும் விட்டேன். தாடி வளர்த்தேன். "என்ன சார், மாலை போட்டிருக்கீங்களா?" என்று கேட்பவர்களிடம் தவக்காலத்தைப் பற்றி விளக்கம் சொல்வதில் எனக்கு ஒரு திருப்தி. மத்தேயு நற்செய்தியில் இயேசு, நோன்பு இருக்கும்போது முகத்தைக் கழுவி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள் என்கிறார், யாருக்கும் தெரியக்கூடாது என்று. அதே சாம்பல் புதன் பூசையில்தான் அந்த வாசகம் வரும். வருடாவருடம் கேட்டுவிட்டு, வருடாவருடம் தாடி வளர்த்தேன்.

தெரியாமல் இருந்தது எனக்குத்தான். மற்றவர்களுக்கு என் நோன்பு நன்றாகவே தெரிந்திருந்தது. டீ இல்லாத மூன்றாம் நாளே தலைவலி ஆரம்பிக்கும். நாலாம் நாள் எரிச்சல். ஆபீஸ் பையன் புதிதாகச் சேர்ந்தவர்களிடம், "இன்னைக்கு வெள்ளி, சார்கிட்ட ஃபைலைக் கொண்டு போகாதீங்க" என்று சொல்லி வைத்திருக்கிறான். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இதற்கு நடுவில் ஒரு விபத்து. 2022இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 15. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் தேதியும் அதுதான். அறுபத்தொரு நாளைக்குக் கடலுக்கே நோன்பு என்று கோவில் வாசலில் யாரோ வேடிக்கையாகச் சொன்னது நினைவிருக்கிறது. எனக்கு அப்போது சர்க்கரை வந்து இரண்டு வருடம். காலையில் வழக்கமான மாத்திரையைப் போட்டுவிட்டு, வெறும் தண்ணீரோடு வெயிலில் சிலுவைப்பாதைக்குப் போனேன். ஒன்பதாம் நிலை, இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார். நானும் விழுந்தேன். முதலில் கை நடுக்கம், அப்புறம் குப்பென்று வியர்வை, அப்புறம் யாரோ வாயில் குளுக்கோஸைப் போட்டது. பரிசோதித்தபோது சர்க்கரை 58. டாக்டர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது: மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பது, பிரேக் இல்லாத வண்டியைச் சரிவில் விடுவது மாதிரியாம். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் ஒருசந்தி இருக்க நினைத்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். எந்த மாத்திரையை எப்போது எடுப்பது, எதைக் குறைப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும். நாமாக மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து. நோயாளிகளுக்கு இந்தக் கடமை இல்லவே இல்லை என்று பங்குச் சாமியாரும் சொன்னார். எனக்கு அதில் வருத்தம்தான். சாப்பாட்டை விடக்கூடாது என்றால் பிறகு என்னிடம் தவக்காலத்துக்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது. இப்போது யோசித்தால், அந்தக் கேள்வியே என் நோன்பு எந்த லட்சணத்தில் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

அடுத்த வருடம், 2023. சாம்பல் புதன் பிப்ரவரி 22. மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டு, டீயையும் வடையையும் அசைவத்தையும் மட்டும் விடுவது என்று டாக்டர் சொற்படி முடிவு. வெள்ளிக்கிழமை மதியம், ஒரு பில்லில் கண்டெய்னர் எண்ணைத் தப்பாக அடித்ததற்காக அந்த ஆபீஸ் பையனை எல்லோர் முன்னாலும் வாட்டி எடுத்தேன். சாயங்காலம் கோவிலுக்குப் போனால், சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கு உரிய வாசகம்: பைபிளில் ஏசாயா 58ஆம் அதிகாரம். நாங்கள் நோன்பு இருந்தோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று மக்கள் கேட்கிறார்கள். கடவுள் சொல்லும் பதிலின் சாரம் இதுதான்: நோன்பு நாளில்தான் நீங்கள் உங்கள் ஆதாயத்தைத் தேடுகிறீர்கள், உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள், சண்டை போடுகிறீர்கள். பசித்தவனோடு உணவைப் பகிர்வதுதான் நான் விரும்பும் நோன்பு. இருபது வருடமாக அதே வெள்ளிக்கிழமை அதே வாசகத்தைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் வாசித்த பெண் 'வேலையாட்கள்' என்ற இடத்தில் என்னைப் பார்த்து நிறுத்திய மாதிரி இருந்தது. அவள் மூச்சு வாங்க நிறுத்தியிருப்பாள்.

மறுநாள் காலை என் மனைவி துணி துவைக்கும் இடத்தில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். நாள் எண்ணிப் பார்த்தேன். கட்டுப் பிரிப்பது ஏப்ரல் 8, பெரிய சனி.

மூத்தவள் வெளியூர் விடுதியில். சின்னவனுக்கு மார்ச் 13 முதல் பிளஸ் டூ பரீட்சை. ஆக, சமையல் என்னிடம் வந்து சேர்ந்தது.

முதல் வெள்ளிக்கிழமைக் கஞ்சியை நான் மறக்க மாட்டேன். ஒரு டம்ளர் நொய், கால் டம்ளர் பாசிப்பருப்பு, அரை ஸ்பூன் வெந்தயம், எட்டுப் பல் பூண்டு, ஏழு டம்ளர் தண்ணீர் என்று அவள் நாற்காலியில் இருந்து சொல்லச் சொல்லப் போட்டேன். குக்கரில் வைத்தால் நான்கு விசிலில் முடிந்திருக்கும். "கஞ்சிதானே" என்று திறந்த பானையில் வைத்துவிட்டு, ஒரு நிமிடம் போனைப் பார்க்கப் போனேன். பருப்பு அடியில் பிடித்துக்கொண்டது. கரண்டியை விட்டுக் கிண்டியதில், கருகிய அடியெல்லாம் மேலே வந்து கஞ்சி முழுக்க அந்த வாசனை. "அடிப் பிடிச்சதைக் கிண்டக் கூடாதுங்க, மேலாக்க வேற பாத்திரத்துல ஊத்தணும்" என்றாள். அதற்குள் ஊற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பானையைத் தேய்க்க எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. நாலே முக்காலுக்கு எழுந்திருந்தேன். பையனுக்கு இட்லி, மதியத்துக்கு அவனுக்கு முட்டைக் குழம்பு, எனக்குப் பருப்பு ரசம், அவளுக்கு ஊட்டிவிடுவது, பாத்திரம், துணி. ஒன்பதரைக்கு ஆபீஸில் உட்கார்ந்தபோது, டீ இல்லாததெல்லாம் ஒரு கஷ்டமா என்று தோன்றியது.

இரண்டாவது வாரம் இன்னொன்று கண்ணில் பட்டது. இரண்டு உலை வைத்தால் இரண்டிலும் கொஞ்சம் மிஞ்சும். என் ரசத்தில் ஒரு கரண்டி, பையன் குழம்பில் ஒரு கரண்டி. அதைக் கொட்ட மனம் வராமல் நின்றுகொண்டே சோற்றில் பிசைந்து வாயில் போட்டேன். அவள் பார்த்துச் சிரித்தாள். "அதுதான் இத்தனை வருஷமா என் சாப்பாடு" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். தவக்காலத்தில் அவள் தனியாகத் தட்டு வைத்துச் சாப்பிட்டதே இல்லை போலிருக்கிறது. நோன்பு இருக்கிறாயா என்று நானும் கேட்டதில்லை.

அன்றைக்கே இரண்டாவது உலையை நிறுத்தினோம். பையன், "எனக்கும் ரசமே போதும்பா, பரீட்சை முடியுற வரைக்கும் முட்டை மட்டும் அவிச்சுக் குடுங்க" என்று இறங்கி வந்தான். இப்போதெல்லாம் சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் முன்னாலேயே மூன்று பேரும் உட்கார்ந்து, யார் எதை விடுகிறோம், அதனால் யாருக்கு வேலை கூடும் என்று பேசிக்கொள்கிறோம். வேலை கூடினால் அந்த வேலையை விரதம் எடுத்தவரே செய்ய வேண்டும். இந்த ஒரு விதி வந்ததும் என் வீராப்பில் பாதி தானாகக் குறைந்துவிட்டது.

சமையலறையில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் அம்மா காலத்து அலுமினியத் தூக்கு ஒன்று உண்டு. உலைக்கு அரிசி எடுக்கும்போது, களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து அதில் போட வேண்டும். பிடி அரிசி. அம்மா தவக்காலம் முழுக்கச் சேர்த்து ஏழைகளுக்குக் கொடுப்பாள், அவளுக்குப் பிறகு என் மனைவி. நான் சமைத்த முதல் வாரம் அதை மறந்தே போனேன். "தூக்குல போட்டீங்களா?" என்று அவள் கேட்ட பிறகுதான் போட ஆரம்பித்தேன். ஒருநாள் ஆர்வக் கோளாறில் தராசில் நிறுத்துப் பார்த்தேன். என் பிடி 60 கிராம். இடது கையால் அவள் ஒரு பிடி எடுத்தாள், 45. தினம் ஒரு பிடி என்றால், ஆறு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் வரும்.

ஐந்தாவது வாரம் அதை நானே எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த குழுவில், கருவாடு விற்கும் ஒரு பாட்டி இருக்கிறார், தனியாக. பையை நீட்டினேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அரிசி ரேஷன்ல சும்மாவே கெடைக்குதுய்யா. அதைப் பொங்கத்தான் வழியில்ல. சிலிண்டர் தீந்து நாலு நாளாச்சு. விறகு வச்சா பக்கத்து வீட்டுல பொகைன்னு சண்டைக்கு வாராக" என்றார்.

தமிழ்நாட்டில் 2011இலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அம்மா காலத்துப் பசிக்கு அம்மா கண்டுபிடித்த வழியை, பசி மாறியது தெரியாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த மார்ச் 1ஆம் தேதிதான் சிலிண்டர் 50 ரூபாய் ஏறி ஆயிரத்து நூறைத் தாண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். டீ 12 ரூபாய், நாளைக்கு இரண்டு. வடை 10. ஆக 34. சாம்பல் புதனிலிருந்து பெரிய வியாழன் வரை ஞாயிறு போக 38 நாள். 1,292 ரூபாய். நான் விட்ட டீயும் வடையும் சேர்ந்தால் ஒரு சிலிண்டர் வந்து மிச்சமும் இருக்கும். இத்தனை வருடம் அந்தப் பணம் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. சட்டைப் பையிலேயே இருந்து, பெட்ரோலாகவோ ஈஸ்டர் துணியாகவோ எனக்கே திரும்பி வந்திருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் இருந்த பாப்பரசர் பெரிய லியோ, தவக்கால மறையுரைகளில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்: நோன்பில் நீ மிச்சம் பிடிப்பது ஏழைக்குப் போக வேண்டும். செபம், நோன்பு, அறச்செயல் என்று மூன்றையும் மறைக்கல்வி வகுப்பில் நானும் மனப்பாடம் செய்தவன்தான். மூன்றையும் மூன்று தனி டப்பாவாக வைத்திருந்தேன். ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட வேண்டும் என்பது அறுபது கிராம் அரிசியை நிறுத்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

சிலிண்டர் மறுநாளே பதிவு செய்தோம். (இதை இங்கே எழுதி, வலக்கை செய்ததை இடக்கைக்குச் சொல்லிவிட்டேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.) இப்போது தூக்கில் அரிசிக்குப் பதிலாகச் சில்லறை விழுகிறது. அரிசியும் கொஞ்சம் போடத்தான் செய்கிறோம், மனைவிக்குக் கை கேட்க மாட்டேன் என்கிறது. ஆனால் எதை வாங்குவது என்று கொடுக்கப்போகும் வீட்டில் கேட்டுவிட்டுத்தான். ஒரு வருடம் கண்ணாடி, ஒரு வருடம் ஒரு பையனுக்குப் பரீட்சைக் கட்டணம். கேட்பது சங்கடமாகத்தான் இருக்கும். நமக்கு இருக்கும் சங்கடத்தைவிட வாங்குபவருக்கு இருப்பது அதிகம் என்பதால், அன்பியக் கூட்டத்தில் வைத்துக் கேட்காமல், வாசலில் உட்கார்ந்து கருவாடு வாங்குகிற சாக்கில் கேட்கப் பழகிக்கொண்டேன்.

ஆபீஸ் பையன் விஷயம் பாக்கி. பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னபோது சாமியார் பரிகாரமாகச் செபம் ஏதும் தரவில்லை. "அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் திட்டினீங்கன்னா, எல்லார் முன்னாடியும்" என்றார். நான் அதற்கு இருநூறு அருள் நிறை மந்திரம்கூடச் சொல்லியிருப்பேன். பெரிய புதனன்று நாலு மணி டீ நேரத்தில், எல்லோரும் நிற்கும்போது சொன்னேன். சரியாகக்கூடச் சொல்லவில்லை, "அன்னைக்கு நான் கத்தினது தப்புப்பா" என்று முணுமுணுத்தேன். அவன் பதறிப்போய், "ஐயோ சார், விடுங்க சார்" என்று என் கையில் ஒரு டீயைத் திணித்தான். நாற்பது நாள் விட்ட டீ. நான் குடித்தேன். அதைக் குடிக்காமல் நோன்பைக் காப்பாற்றியிருந்தால், மன்னிப்பை அவன் வாங்கிக்கொண்டிருக்க மாட்டான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வேறு கருத்து இருப்பவர்கள் இருக்கலாம்.

நோன்பை இடையில் முறித்தவர்கள், முறித்ததோடு விட்டுவிடாதீர்கள். முன்பெல்லாம் இரண்டாம் வாரம் தெரியாமல் ஒரு முட்டைப் பப்ஸைச் சாப்பிட்டுவிட்டால், "போச்சு, அடுத்த வருடம் பார்ப்போம்" என்று மொத்தத்தையும் மூட்டை கட்டிவிடுவேன். மறுநாள் காலையில் திரும்ப ஆரம்பித்தால் போதும். சிலுவைப்பாதையிலேயே மூன்று முறை விழுந்து எழுந்துதானே போகிறார்.

பெரிய சனி காலையில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் உரிந்து, சாம்பல் பூசிய மாதிரி வெளுத்திருந்தது. அன்று ராத்திரி ஈஸ்டர் பூசையான பாஸ்கா திருவிழிப்பில் மெழுகுதிரியை அவள் இடது கையில்தான் பிடித்திருந்தாள். இருட்டில் கோவில் முழுக்கச் சுடர் பரவி, வியாழக்கிழமையிலிருந்து ஓய்ந்திருந்த மணி அடித்தபோது, பக்கத்தில் பையன் "நாளைக்கு பிரியாணி யார் செய்யுறது?" என்று காதில் கேட்டான்.

அவள்தான் செய்தாள், நான் வெங்காயம் உரித்தேன். ஈஸ்டருக்குப் பிறகு சமையல் கொஞ்சம் கொஞ்சமாக அவளிடமே திரும்பிப் போய்விட்டதை மறைக்க விரும்பவில்லை. வெள்ளிக்கிழமைக் கஞ்சி மட்டும் வருடம் முழுக்க என் பொறுப்பில் நிற்கிறது. குக்கரில்தான் வைக்கிறேன். போன வாரம்கூட ஒரு வாய் எடுத்துவிட்டு, "உப்புப் பத்தலை" என்றாள்.